முதல் அம்பும் இரண்டாம் அம்பும்: வேலூரில் பௌத்த தியானம் எதைத் தரும், எதைத் தராது

புத்தருக்கும் முதுகு வலித்திருக்கிறது. புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தில் அது பதிவாகியிருக்கிறது. கபிலவத்துவில் சாக்கியர்கள் புதிதாக ஒரு மண்டபம் கட்டி, முதலில் அவர்தான் வந்து அமர வேண்டும் என்று அழைத்துப் போகிறார்கள். இரவு வெகுநேரம் அவர்களுக்கு அறம் சொன்ன பிறகு, சீடர் ஆனந்தரைக் கூப்பிட்டு, மீதியை நீ சொல், எனக்கு முதுகு நோகிறது, சற்றுப் படுக்கிறேன் என்கிறார். மேலாடையை நான்காக மடித்து விரித்து, வலப்பக்கமாகச் சாய்கிறார். தியானத்தில் அவரைவிடத் தேர்ந்தவர் யார்? அவரே முதுகுவலியை மூச்சால் விரட்டப் பார்க்கவில்லை. ஓய்வெடுத்துக்கொண்டார். நோய் வந்தபோது ஜீவகர் என்ற வைத்தியரிடம் மருந்தும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

இதை வேலூரில் உரக்கச் சொல்ல வேண்டிய தேவை இருக்கிறது. 1900-ல் ஐடா ஸ்கட்டர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு இன்று வங்காளம், அசாம், வங்கதேசம் வரையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். காந்தி ரோட்டைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. வெளியூர்க்காரர்கள் இருக்கட்டும், நம் ஆட்களுக்கு மட்டும் வலி குறைவா? ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்று தைக்கும் பெண்கள், குடியாத்தம் பக்கம் குனிந்த தலை நிமிராமல் பீடி சுற்றுகிறவர்கள், சர்க்கரை வந்து கால் எரிகிறது என்று புலம்பும் பெரியவர்கள். இப்படி வலி நிறைந்த இடத்தில் தியானம் என்ற பெயரில் எதையும் விற்கலாம். மாத்திரை இல்லாமல் சர்க்கரை குறையும், பிரஷர் போகும், தைராய்டு சரியாகும் என்று நோட்டீஸ் அடித்து வகுப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். புத்தர் படத்தைப் போட்டு அப்படிச் சொல்வது எனக்கு மனதை வருத்துகிறது, ஏனென்றால் அந்தப் படத்தில் இருக்கிறவர் சொன்னது வேறு.

அவர் சொன்னதை, அதே வரிசையைச் சேர்ந்த சம்யுத்த நிகாயம் என்ற தொகுப்பின் ஒரு சிறு உரையில் பார்க்கலாம். ஒருவன் மேல் ஓர் அம்பு தைக்கிறது. அடுத்து, அதே ஆளின் மேல் இரண்டாவது அம்பும் தைக்கிறது. முதல் அம்பு உடம்பின் வலி. இரண்டாவது அம்பு, அந்த வலியைப் பார்த்து மனம் படும் பாடு: அழுகை, கோபம், பயம், இது ஏன் எனக்கு என்ற கேள்வி. பயிற்சி இல்லாதவனுக்கு இரண்டும் தைக்கின்றன, பயிற்சி உள்ளவனுக்கு ஒன்றுதான் தைக்கிறது என்கிறது அந்த உரை. பயிற்சி உள்ளவனுக்கும் முதல் அம்பு தைக்கத்தான் செய்கிறது. அதை யாரும் தடுத்துத் தருவதாக அங்கே வாக்குக் கொடுக்கவில்லை.

நகுலபிதா என்ற முதியவரின் கதையும் இதையொட்டியதே. வயதாகிவிட்டது, உடம்பு ஓயாமல் நோகிறது, ஏதாவது சொல்லுங்கள் என்று வருகிறார். ஆமாம், உன் உடம்பு நோயுற்றதுதான் என்று ஒப்புக்கொண்டுதான் புத்தர் பேச்சைத் தொடங்குகிறார். உடம்பு நோயுற்றாலும் மனம் நோயுறாமல் இருக்கப் பழகு என்பதுதான் அவருக்குக் கிடைத்த அறிவுரை. வகுப்புக்கு வரும் எழுபது வயதுக்காரர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். முகத்தில் ஒரு தெளிவு வரும். அதுவரை எல்லோரும் அவர்களிடம், உங்களுக்கு ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள்.

சரி, மூச்சைக் கவனித்தால் இரண்டாம் அம்பு எப்படி நிற்கும்? இதில் இரண்டு வேலைகள் நடக்கின்றன, அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, உடம்பு தளர்வது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகவும், வெளியே விடும்போது கொஞ்சம் மெதுவாகவும் துடிக்கிறது. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டு நிதானமாக மூச்சை விட்டுப் பார்த்தால் சிலருக்கு விரலிலேயே தெரியும். மூச்சு தானாக நீளும்போது வேகஸ் நரம்பின் வழியாக உடம்பு அமைதிப் பக்கம் சாய்கிறது. தோள் இறங்குகிறது, பல்லைக் கடித்திருந்த தாடை விடுகிறது. தசை இறுகியதால் வந்த வலியாக இருந்தால் அதுவே ஓரளவு குறையும்.

இரண்டாவது வேலைதான் பௌத்தத்துக்கு உரியது. ஆனாபானசதி எனும் மூச்சைக் கவனிக்கும் பௌத்தத் தியானத்தில் மூச்சை அடக்குவது, எண்ணிக்கை வைத்து இழுத்துப் பிடிப்பது எதுவும் கிடையாது. நீண்ட மூச்சு வந்தால் நீண்டது என்று தெரிந்துகொள்வது, குறுகியது வந்தால் குறுகியது என்று தெரிந்துகொள்வது, அவ்வளவுதான். பிராணாயாமம் பழகியவர்களுக்கு இது முதலில் வெறுமையாகத் தோன்றும். இப்படி மூச்சோடு இருக்கப் பழகிய கவனத்தைப் பிறகு உடம்பு முழுக்க, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை, மெதுவாக நகர்த்துகிறார்கள். வலிக்கும் இடம் வரும்போது தாண்டிப் போவதில்லை, அங்கே நின்று பார்க்கிறார்கள். அப்போதுதான் வலி என்று நாம் மொத்தமாகச் சொன்னது பிரிய ஆரம்பிக்கிறது. கொஞ்சம் சூடு, கொஞ்சம் இழுப்பு, விட்டுவிட்டு ஒரு குத்தல். அதோடு ஒட்டிக்கொண்டு, நாளைக்கு வேலைக்கு எப்படிப் போவேன், பெண் கல்யாணத்துக்குள் ஆபரேஷன் வந்துவிடுமோ என்ற யோசனைகள். முன்னது உடம்பினுடையது, பின்னது மனத்தினுடையது. இரண்டும் தனித்தனியாகத் தெரிந்துவிட்டால் பின்னதன் பிடி தளர்கிறது.

ஆய்வுக்கூடத்திலும் இதற்கு ஒத்த ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். 2011-ல் ஃபடெல் ஸெய்டான் குழுவினர் தியானம் பழகாத 15 பேருக்கு நான்கே நாள் பயிற்சி கொடுத்து, காலில் சூடு வைத்து சோதித்தார்கள். வலியின் அளவு சராசரியாக 40 சதவீதம் குறைந்தது, வலியால் வரும் துன்பம் 57 சதவீதம் குறைந்தது. வலியைவிடத் துன்பம் அதிகமாகக் குறைந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. உடம்பே சுரக்கும் அபின் போன்ற பொருள்களின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்து 2016-ல் மறுபடி சோதித்தபோதும் தியானத்தின் பலன் போகவில்லை. சிறிய ஆய்வுகள்தான், நலமானவர்கள் மேல் செய்தவைதான். ஆனாலும் இரண்டு அம்புகளைப் பற்றிய பழைய உரையை அருகில் வைத்துப் படிக்கும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இங்கே வேலூருக்கே உரிய ஒரு பாடத்தைச் சொல்லாமல் போக முடியாது. கொல்லிமலையில் பிறந்து, 1946-ல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளோடு பல ஆண்டுகள் வேலை செய்தார். விரல்கள் தேய்ந்து போவது நோய்க்கிருமி சதையைத் தின்பதால் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால்தான், சுட்டாலும் வெட்டினாலும் கையை எடுக்கத் தோன்றாமல் புண்ணாகி அழிகிறது என்று அவர் கண்டறிந்து காட்டினார். வலி ஒரு காவல் என்று உலகத்துக்குச் சொல்லப்பட்டது இந்த ஊரிலிருந்து. காட்பாடிக்கு அருகே கரிகிரியில் 1955-ல் தொடங்கிய தொழுநோய் ஆய்வு நிலையம் அந்தப் பணியின் தொடர்ச்சி.

ஆகவே வலியே தெரியாமல் போக வேண்டும் என்ற நோக்கத்தோடு தியானம் கற்பிப்பது, நம் ஊரில் கற்றதையே மறப்பதாகும். உடம்பைக் கவனிக்கும் பயிற்சியில் நான் விடாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எந்த இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை? புதியவர்களுக்கு முதுகிலும் தொடையிலும் எதுவும் தெரியாமல் இருப்பது சாதாரணம், பழகப் பழகத் தெரியவரும். ஆனால் சர்க்கரை நோய் உள்ள ஒருவர் இரண்டு பாதமும் பஞ்சு மாதிரி இருக்கிறது, தரையில் படுவதே தெரியவில்லை என்றால் அதைத் தியானத்தில் வந்த அனுபவம் என்று கொண்டாடக் கூடாது. காலைத் திருப்பி உள்ளங்காலைக் கண்ணால் பார்க்கச் சொல்ல வேண்டும், அந்த வாரமே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அது நரம்பு பழுதானதன் அறிகுறியாக இருக்கலாம்.

இந்த முறைகள் நம்மிடம் வந்து சேர்ந்த வழியும் சுவையானது. பர்மாவின் தலைமைக் கணக்காயராக இருந்த ஊ பா கின் அலுவலக வேலையோடு, உடம்பின் உணர்வுகளைக் கவனிக்கும் விபஸ்ஸனா தியானத்தைக் கற்பித்தவர். மாண்டலேயில் பிறந்த வணிகர் கோயங்கா 1955-ல் தீராத ஒற்றைத் தலைவலியோடு அவரிடம் போனார். தலைவலிக்காக மட்டும் என்றால் வராதே, இது அதற்கானது இல்லை என்று திருப்பி அனுப்பப் பார்த்தார் ஆசிரியர். 1969-ல் இந்தியாவுக்கு வந்து கற்பிக்கத் தொடங்கிய கோயங்காவின் வழியில்தான் பத்து நாள் முகாம்கள் இன்று நடக்கின்றன. நமக்கு அருகில் இருப்பது சென்னை திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது. காலை நான்கு மணிக்கு எழுந்திருக்க வேண்டும், பேச்சு கிடையாது, முதல் மூன்று நாள் மூச்சு மட்டும், நான்காம் நாளிலிருந்து உடம்பு. கட்டணம் இல்லை, முடித்தவர்கள் விரும்பினால் தானம் தரலாம். மருத்துவச் சிகிச்சைக்கு இது மாற்று இல்லை என்று அவர்களே தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னொரு கிளை அமெரிக்காவில் வளர்ந்தது. 1979-ல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், மற்ற டாக்டர்கள் கைவிட்ட நாள்பட்ட வலிக்காரர்களுக்கு இன்று எட்டு வாரமாக நடக்கும் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். மைண்ட்ஃபுல்னஸ் என்று இன்று மருத்துவமனைகளிலும் மொபைல் செயலிகளிலும் கேள்விப்படுவதன் ஊற்று பெரும்பாலும் அதுதான். அதில் மத அடையாளத்தை எடுத்துவிட்டார்கள். நல்லதும் நடந்தது, இழப்பும் நடந்தது. அந்த இழப்பைப் பற்றிப் பேச நமக்கு இங்கே தனிக் காரணம் இருக்கிறது.

வடஆற்காட்டில் பௌத்தம் என்றால் வள்ளிமலை, ஆர்மாமலை குகைகளைக் காட்டுகிறவர்கள் உண்டு. அவை சமணர்களுடையவை, அந்தப் பெருமை அவர்களுக்கே சேரட்டும். இங்கே பௌத்தம் உயிரோடு எழுந்தது அண்மைக் காலத்தில். அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர். 1898-ல் இலங்கைக்குப் போய்ப் பஞ்சசீலம் எனும் ஐந்து பௌத்த ஒழுக்க உறுதிகளை ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அதன் கிளைகள் கோலார் தங்க வயலிலும் திருப்பத்தூரிலும் வேர்விட்டன. 1956-ல் நாக்பூரில் அம்பேத்கர் தம்மம் ஏற்ற பிறகு அந்த வேருக்கு மறுபடி நீர் கிடைத்தது. 1989-ல் மாவட்டத்தைப் பிரித்தபோது இந்தப் பகுதிக்கு வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றே பெயர் வைத்தார்கள், பிறகுதான் அது வேலூர் ஆனது. பௌர்ணமி நாளில் கூடி, பஞ்சசீலம் சொல்லி, ஒரே பாயில் உட்கார்ந்து எழும் குடும்பங்களுக்குப் பௌத்தம் என்பது முதலில் மானம். மனத்தளர்வுப் பயிற்சி பிறகுதான்.

இந்த இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் போவது எனக்கு ஏற்க முடியாததாக இருக்கிறது. ஏசி அறையில் தியானம் கற்பிக்கிறவர்களுக்கு அயோத்திதாசர் பெயர் தெரியாது. பௌர்ணமிக் கூட்டத்துக்கு வருகிற பலருக்கு, தன் தலைமாட்டில் இருக்கும் புத்தர் மூச்சைப் பற்றிப் பதினாறு படிகளாகச் சொல்லியிருக்கிறார் என்று யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இருவரும் சேர்ந்தால் ஒரு பெரிய தவறு தடுக்கப்படும். கூலி பாக்கி வைக்கும் முதலாளியால், அடிக்கும் கணவனால், சாதி சொல்லித் திட்டும் ஆளால் வரும் வேதனையை மூச்சு விட்டு ஆற்றிக்கொள் என்று சொல்வதுதான் அந்தத் தவறு. முதல் அம்பை ஒருவன் நின்று எய்துகொண்டே இருந்தால் அவன் கையைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். மெத்தா எனும் அன்புத் தியானத்திலும் இதே எச்சரிக்கை தேவை. எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும் என்று நினைப்பதற்கு முன், நான் நலமாக இருக்கட்டும் என்று தொடங்குவதே மரபு. அடிபட்ட பெண்ணிடம், அடித்தவனுக்கு அன்பை அனுப்பு என்று முதல் வாரத்திலேயே சொல்லும் ஆசிரியர் அவளை இன்னொரு முறை காயப்படுத்துகிறார்.

பலன் எவ்வளவு என்று கேட்டால், மிகைப்படுத்தாமல் சொல்லக்கூடிய அளவு இதுதான். 2014-ல் 47 சோதனைகளையும் அவற்றில் பங்குபெற்ற 3,515 பேரையும் சேர்த்து அலசிய ஒரு பெரிய ஆய்வு, பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் மைண்ட்ஃபுல்னஸ் சிறிய அளவிலிருந்து மிதமான அளவு வரை குறைவைத் தருகிறது என்றது. உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிட மேல் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. 2016-ல் இடுப்புவலிக்காரர்கள் 342 பேரிடம் செய்த சோதனையில், எட்டு வாரப் பயிற்சி எடுத்தவர்களில் அறுபது சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதத்தில் அன்றாட வேலை குறிப்பிடத்தக்க அளவு எளிதானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 44 சதவீதம். திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வுக்கு இதையொட்டிய சிகிச்சையை பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2004-லேயே பரிந்துரைத்தது. இது பெரிய விஷயம். புற்றுநோய் கரையும், சர்க்கரை மறையும் என்பவற்றுக்கு இங்கே இடமில்லை.

கற்பிக்கும் இடத்துக்கு வருவோம். பீடி சுற்றும் பெண்கள் மத்தியில் இதைச் சொல்லிக்கொடுப்பது, புத்தகத்தில் படித்ததையெல்லாம் மாற்றி யோசிக்க வைக்கும். மடியில் முறம். இலையைக் கத்தரித்து, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டி, முனையை மடிக்க சில நொடிகள்தான். ஆயிரம் கணக்கு முடியும்வரை கழுத்து நிமிராது. அப்படிப்பட்டவரிடம் போய், சம்மணம் போட்டு முதுகை நேராக வைத்து அரை மணி நேரம் உட்காருங்கள் என்றால் என்ன ஆகும்? "நாளெல்லாம் குந்திக்கினுதானேக்கா இருக்கேன், இன்னும் குந்தணுமா?" என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். அவருக்கு வேண்டியது படுத்துக்கொண்டு செய்யும் பயிற்சி. கபாட்-ஜின்னின் வகுப்பிலும் உடம்பைக் கவனிக்கும் பயிற்சியைப் படுத்தபடிதான் தொடங்குகிறார்கள், இடது கால் விரலிலிருந்து. வேலைக்கு நடுவில், ஒரு கட்டு முடிந்ததும் கையை முறத்தின் மேல் வைத்துவிட்டு, தோளை இறக்கி, மூன்று மூச்சை மட்டும் வருவதும் போவதுமாகப் பார்த்தால் போதும். நீண்ட பயிற்சியைப் புகையிலைத் தூள் பறக்கும் அறையில் செய்யவே கூடாது, திண்ணைக்கோ மாடிக்கோ போய்விட வேண்டும்.

கத்திரி வெயிலில் மதியம் வகுப்பு வைத்தால் பாதிப்பேர் தூங்குவார்கள், தூங்கட்டும் என்று விடுவதே நல்லது. மாலை ஆறரைக்கு மேல், கரண்ட் போனாலும் காற்று வரும் இடம். முட்டிவலி உள்ளவர்களுக்கு நாற்காலி, அதைக் குறையாக யாரும் பார்க்காதபடி முதல் நாற்காலியில் கற்பிப்பவரே உட்கார வேண்டும். முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும். கண்ணை மூடினால் பயப்படுகிறவர்கள் திறந்தபடி தரையைப் பார்க்கலாம். மனதைக் காலி செய்யுங்கள் என்று சொல்லவே கூடாது, யாராலும் முடியாததைச் சொல்லி அனுப்புவதாகிவிடும். "மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதுக்கா" என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் புகார். ஓடிவிட்டது என்று தெரிந்த அந்த நொடியே பயிற்சி, திட்டாமல் மூச்சுக்குத் திரும்பக் கூட்டி வருவதே பயிற்சி என்று புரிந்ததும் பலருக்குப் பாரம் இறங்குகிறது. இத்தனை நாள் தனக்குத் தியானம் வராது என்று நினைத்திருந்தவர்கள் அவர்கள்.

எல்லோருக்கும் மூச்சு பொருந்தாது. ஆஸ்துமா உள்ளவருக்கு, படபடப்பு வந்து போனவருக்கு மூச்சைக் கவனித்தாலே பயம் கூடலாம். அவர்கள் உள்ளங்கையையோ பாதம் தரையில் படுவதையோ தெருச் சத்தத்தையோ கவனிக்கலாம். பழைய அதிர்ச்சி எதையாவது சுமக்கிறவர்களுக்கு, அமைதியில் அது பொங்கி வரும். நீண்ட முகாம்களில் பயம், தூக்கமின்மை, தன்னிலிருந்து தானே விலகியதுபோன்ற உணர்வு வந்ததைத் தியானம் செய்பவர்களே விவரித்த ஆய்வு 2017-ல் வெளியானது. காதில் குரல் கேட்பவர்கள், மனநிலை மிகவும் ஏறி இறங்குகிறவர்கள் மருத்துவர் சம்மதம் இல்லாமல் பத்து நாள் முகாமுக்குப் போகக் கூடாது. வேலூர் பாகாயத்தில் 1957-லிருந்து சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையை அங்கே வளர்த்தார்கள். நோயுற்றவரைத் தனியே விடாத அந்த முறை எனக்கு மிகவும் பௌத்தமாகத் தோன்றுகிறது. வயிற்றுப்போக்கில் கிடந்த ஒரு பிக்குவை ஆனந்தரோடு சேர்ந்து தன் கையால் கழுவித் துடைத்த புத்தர், என்னைப் பேண விரும்புகிறவன் நோயாளியைப் பேணட்டும் என்று சொன்னதாகத் துறவிகளின் ஒழுக்க நூலான விநயம் சொல்கிறது.

எனவே முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், மனநலத்துக்காக டாக்டரைப் பார்த்திருக்கிறீர்களா, இந்த வலியைப் பரிசோதித்தாகிவிட்டதா? இரவில் எழுப்பும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, கை கால் மரத்துப்போவது இருந்தால் பாய் விரிக்கும் முன் ஆஸ்பத்திரி. மாத்திரையை நிறுத்தலாமா என்று யார் கேட்டாலும், அதை எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள் என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல நமக்கு உரிமை இல்லை. பிறகு எட்டு வாரம், நாளுக்கு இருபது நிமிடம், மூச்சும் உடம்பும் மெத்தாவும். அதற்குப் பிறகும் இரவுத் தூக்கத்திலோ, வலியோடு செய்யும் அன்றாட வேலையிலோ எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால், இன்னும் ஆழமாகச் செய்யுங்கள் என்று அவர்களைப் பிடித்து வைக்க வேண்டாம். நடைப்பயிற்சியோ பிசியோதெரபியோ மனநல ஆலோசனையோ, அவர்களுக்குப் பொருந்துவதற்கு வழிகாட்டி அனுப்பலாம். வேலூரில் அதற்கான ஆட்களுக்குப் பஞ்சமில்லை.